கண்டிமாநகரில் இரு கிறிஸ்தவ ஆலயங்கள்

கண்டிமாநகருக்கு வருவோர் முதலிற் காண விழைவது தலதா மாளிகையை. அதன்பின் ஏரியை ஒரு முறை சுற்றி வருவர். பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் செல்வர். பொழுது எஞ்சினால் கடைத்தெருவிலே ஏலமும் கறுவாவும் வாங்கிக்கொண்டு மாலைப் புகையிரதத்தில் ஊர் திரும்புவர். மாளிகைக்கு அருகே, நாத தேவாலயத்துக்கும் பத்தினி தேவாலயத்துக்கும் அண்மையில், செங்கல்லாற் கட்டிய மேனாட்டு முறை ஆலயமொன்று நிற்பதைக் கண்டவர் பலர். நின்று பார்த்தவர் சிலர். இந்நகரிலே இருபதாண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நாமும் அண்மைக்காலம் வரை அந்தப் பலரில் ஒருவராகவே இருந்தோம் என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

எம்மை அங்கே அழைத்துச் சென்றது, வியப்பு என்னவெனில், டென்மார்க்கு தேசத்துக் கிராமத்துக் கோயில்களைப் பற்றிய ஒரு படப்புத்தகம். எம் மகள் தன் கல்லூரி நூல்நிலையத்திலிருந்து அதை வாங்கி வந்திருந்தாள். பனி மூடிய வயல்வெளி; நடுவே சுண்ணம் பூசிய வெண்சுவர்; படிப்படியாக உயர்ந்து செல்லும் முகட்டுச் சுவருடன் ஒரு சிறு கோபுரம். உள்ளே கருங்கல்லிற் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி. மேலே, கூரையிலிருந்து கயிற்றிலே தொங்கும் ஒரு சிறிய பாய்க்கப்பல்! கடலை நம்பி வாழும் மக்கள் கப்பலின் சிறு உருவத்தைச் செய்து கோயிலிலே தொங்கவிடுவது அந்நாட்டு வழக்கமாம். நேர்த்திக்கடனுக்கு வெள்ளியிலே கண்ணும் காலும் செய்து உண்டியலில் இடும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

“அப்பா, இந்தச் சனங்கள் எங்கடை நாட்டுக்கு வரேல்லையோ?” என்று மகள் கேட்டாள்.

வந்தார்கள். அதுவும் கண்டியரசனை நாடியே வந்தார்கள். போர்த்துக்கேயரோடு போராடிக்கொண்டிருந்த செனரத் மன்னனுக்கு மேனாட்டார் ஒருவருடைய கப்பற்படைத் துணை வேண்டியிருந்தது. பொஸ்கவுவர் என்னும் ஒல்லாந்தர் மன்னனின் தூதராகச் சென்று டென்மார்க்கு அரசன் நான்காம் கிறிஸ்தியானின் உதவியை வேண்டினார். ஓவே கெட்டே என்னும் இளந்தளபதியின் தலைமையிலே புறப்பட்ட கப்பல்கள் 1620ஆம் ஆண்டில் இலங்கைக் கரையை அடைந்தன. ஆனால் தூதர் வழியிலேயே மாண்டுபோனார். மன்னனுக்கும் வந்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்த பேச்சுகள் பயன் தரவில்லை. அவ்வாண்டின் இறுதியிலே டேனியர் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே கோட்டை கட்டினர். 1701இல் அவர்களுடைய சீயோன் ஆலயமும், 1718இல் சீகன்பால்கு ஐயர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயமும் அத்தெருவில் எழுந்தன. தமிழிலே புதிய ஏற்பாடு முதன்முதல் அச்சேறியதும் அவ்வூரிலேதான். அன்று கண்டியிலே அந்தப் பேச்சு கைகூடியிருந்தால் இவையெல்லாம் திருகோணமலையிலோ மகாவலிக் கரையிலோ நிகழ்ந்திருக்கக்கூடும் என்று எண்ணுவதில் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. வரலாற்று ஆசிரியர்கள் மன்னிப்பாராக.

அப்படப்புத்தகத்திலே எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது வேறொன்று. மோன் என்னும் தீவிலுள்ள எல்மெலுண்டே ஆலயத்தின் வளைகூரை முழுவதும் ஓவியங்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெயர் தெரியாத ஓர் ஓவியன் சுண்ணத்தின்மேல் தீட்டியவை. ஏதேன் தோட்டத்தை இழந்த ஆதாம் அங்கே ஏர் உழுகிறான். ஏர், டென்மார்க்கு உழவன் அக்காலத்தில் ஓட்டிய ஏர். உடையும் முகமும் அவ்வாறே. 1536இல் அந்நாடு சீர்திருத்தச் சபையைத் தழுவிய பின்னர் இத்தகைய ஓவியங்கள் பல ஆலயங்களிலே சுண்ணத்துக்கு அடியில் மறைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் சுண்ணத்தைச் சுரண்டி மீண்டும் வெளிக்கொணரத் தொடங்கினர். யூத நாட்டுக் கதை. பாத்திரங்களோ மோன் தீவின் குடியானவர்கள். இதைப் பார்த்த எவரும் ஆதாமுக்கு ஏன் டேனிய உடை என்று குறை கூறுவதில்லை.

இந்த எண்ணத்தை மனத்திலே வைத்துக்கொண்டு, எம் ஊரிலுள்ள ஆலயங்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கப் புறப்பட்டோம். எம்முடன் மகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எம் அன்னையாரும். அன்னையாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றாமல் காலைத் தேநீரும் அருந்தாதவர். “நான் பத்தினியம்மனைக் கும்பிட வாறன். மற்ற இடத்துக்கு நீங்கள் போங்கோ, நான் வெளியிலை இருப்பன்” என்னும் நிபந்தனையோடுதான் புறப்பட்டார்.

பத்தினித் தெய்வம் யாரென்று தமிழ்க் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. மதுரையை எரித்த கண்ணகியே இங்கு சிங்கள மக்களின் பத்தினி தெய்யோ. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்தான் என்பது சிலப்பதிகாரச் செய்தி. அயலிலே நிற்கும் நாத தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டினது. கண்டி நகரிலே இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது எனக் கூறுவர். அதன் சிறிய கல் விமானத்தைக் காணும் தமிழர் எவருக்கும் தம் ஊர்க் கோயிலே நினைவுக்கு வரும்.

இவ்விடத்திலே ஒரு சொல் வேடிக்கை. சிங்களத்திலே ‘தேவாலய’ என்றால் பத்தினி, நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன் போன்ற தெய்வங்கள் உறையும் கோயில். தமிழ்க் கிறிஸ்தவர்களோ தம் வழிபாட்டிடத்தையே தேவாலயம் என்பர். ஆகவே இந்த முற்றத்திலே நின்று ஒருவர் “தேவாலயம் எங்கே?” என்று கேட்டால், கேட்கும் மொழியைப் பொறுத்து எதிரெதிர்த் திசைகளிலே கை நீளும்.

அன்னையார் பத்தினியை வணங்கி முடித்ததும் நாம் புனித பவுல் ஆலயத்தின் வாயிலுக்கு வந்தோம். அவர் சொன்னபடியே வெளியிலே ஒரு திண்ணையில் அமர்ந்தார்.

ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியது 1815இல். தமிழ் பேசிய நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். 1832இல் அங்கேயே மறைந்தான். மாளிகையின் அரசவை மண்டபமாகிய மகுல் மடுவவிலேதான் அவ்வாண்டு மார்ச்சு 2ஆம் தேதி கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். வென்றவர்களுக்கு வழிபாட்டிடம் இருக்கவில்லை. எனவே அம்மண்டபத்திலேயே ஞாயிறு ஆராதனை நடத்தினர். கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் 1825இல் இலங்கைக்கு வந்தபோது இங்கே, அரசன் கொலுவிருந்த இம்மரத் தூண்களுக்கிடையே நின்று பிரசங்கித்தார். மறு ஆண்டிலே அவர் திருச்சிராப்பள்ளியில் இறந்தார் என்பதையும், அவருடைய கல்லறை அவ்வூர்ப் புனித யோவான் ஆலயத்தில் இருப்பதையும் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

தமக்கென ஓர் ஆலயம் வேண்டுமென்று ஆங்கிலேயர் முயன்றதன் பயனே புனித பவுல் ஆலயம். 1840களிலே வேலை தொடங்கி 1850களின் முற்பகுதியில் நிறைவுற்றது. படையினரின் ஆலயமாகவும் அது பயன்பட்டது. செங்கல், கூர்ங்கோண வளைவுகள், இங்கிலாந்தின் ஏதோவொரு சிற்றூரிலிருந்து பெயர்த்து வந்து இந்த ஏரிக்கரையில் ஊன்றியது போன்ற தோற்றம்.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்வது குளிர்ச்சியை. பிறகு இருளை. சற்றுப் பொறுத்தால், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வழியே நீலமும் சிவப்புமாக ஒளி இறங்குவது தெரிகிறது. பளபளக்கும் மர இருக்கைகள் வரிசையாக நிற்கின்றன. குழலிசைப் பேழை ஒன்று உண்டு. வாசிக்கக் கேட்கும் பேறு எமக்கு அன்று வாய்க்கவில்லை. சுவர்களிலே பித்தளையிலும் சலவைக்கல்லிலும் நினைவுப் பலகைகள். படைவீரர், அரசாங்க உத்தியோகத்தர், தோட்டத் துரைமார், அவர்தம் மனைவியர். இப்பலகைகளை வாசித்துச் செல்லும்போது எம் மனத்திலே இரு வேறு உணர்ச்சிகள் மாறி மாறி எழுந்தன. ஒரு பக்கம், கடல் கடந்து வந்து காய்ச்சலிலே மாண்டுபோன இளைஞர்களுக்காக இரக்கம். மறு பக்கம், அதே ஆண்டுகளிலே இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்து, கோப்பித் தோட்டங்களை வெட்டித் திருத்திய எம் மக்களை எண்ணினோம். வழியோரங்களிலே விழுந்து மாண்ட அவர்களில் பல்லாயிரவரின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. இதை ஆலயத்தின் குற்றமாகச் சொல்லவில்லை. பித்தளை வாங்க வல்லவர்களின் பெயரே பித்தளையில் நிற்கும். எக்காலமும் எச்சமயத்திலும் அப்படித்தான். எம் கோயில்களின் உபயப் பலகைகளும் வேறு கதை சொல்வதில்லை.

வெளியே வந்தோம். “எப்படியிருக்குது?” என்று அன்னையார் கேட்டார். “வடிவாயிருக்குது அம்மா. ஆனால் இஞ்சத்தையான் இல்லை” என்றோம். அவர் செங்கற் கோபுரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, “பத்தினிக்குப் பக்கத்திலை இவ்வளவு காலம் சண்டை பிடிக்காமல் நிக்குதுதானே” என்றார். எம் பதிலைவிட அவர் பதில் சிறந்தது என்று மகள் தீர்ப்புக் கூறினாள்.

அங்கிருந்து முச்சக்கர வண்டியிலே திரித்துவக் கல்லூரிக்குச் சென்றோம். அது வேறோர் உலகம். 1872இல் திருச்சபைத் தொண்டர் சங்கத்தாரால் கண்டியிலே தொடங்கிய பள்ளிக்கூடம் அது. சில ஆண்டுகளில் திரித்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1904 முதல் 1924 வரை அங்கே அதிபராக இருந்தவர் அலெக்சாந்தர் கார்டன் பிரேசர். பிற்காலத்திலே ஆபிரிக்காவின் பொற்கரை நாட்டில், இன்றைய கானாவில், அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபராகப் பெயர் பெற்றவரும் இவரே. ஆங்கிலம் ஒன்றே கல்வி என்றிருந்த அந்நாளில் சிங்களமும் தமிழும் மாணாக்கர் கற்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். தம் தாய்மொழியில் எழுத அறியாத பிள்ளை படித்த பிள்ளையாகான் என்பது அவருடைய கொள்கையின் சாரம்.

கல்லூரிக்கு ஓர் ஆலயம் வேண்டியிருந்தது. உப அதிபராக இருந்த லூயிஸ் ஜோன் காஸ்டர் என்னும் குரு அதை வடிவமைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவர் அவர். நினைத்திருந்தால் இன்னொரு செங்கற் கோபுரத்தை எழுப்பியிருக்கலாம். அவரோ மகுல் மடுவவின் மரத் தூண்களையும், உடுநுவரையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் தூண்களையும் பார்த்தார். கண்டி அரசர்களின் மண்டபத்தையே கல்லிலே எழுப்பத் துணிந்தார். 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1935இல் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! பிரேசர் அதற்குள் நாட்டைவிட்டே போய்விட்டார். அயலிலுள்ள அருப்பொலைக் கற்சுரங்கத்திலிருந்து பாறைகளை வெட்டிக் கொணர்ந்து, ஒவ்வொரு தூணையும் உளியாற் செதுக்கி நிறுத்தினர்.

முன்னரே அனுமதி பெற்றிருந்தமையால் கல்லூரிக் காவலர் வழி காட்டினார். படிகள் பல. அன்னையார் முழந்தாளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வெளியிலே அமரத்தான் எண்ணினார். ஆனால் மேலே வந்ததும் ஒரு சிக்கல் நேர்ந்தது. இந்த ஆலயத்துக்கு உள் எது, வெளி எது?

மண்டபத்தின் பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. வரிசை வரிசையாகக் கற்றூண்கள் நிற்கின்றன. அவற்றினூடே காற்று தடையின்றி வருகிறது. மரங்களும் மலையும் தெரிகின்றன. மேலே பெரும் மர உத்திரங்கள் தாங்கும் சரிந்த கூரை. அடியிலே சதுரம், நடுவிலே பட்டைகள், இடையிடையே தாமரையும் கொடியும், உச்சியிலே இதழ் விரித்துத் தொங்கும் போதிகை. சிங்களச் சிற்பிகள் ‘பேகட’ என்று வழங்கும் உறுப்பு அதுவே. எம் கோயில்களின் தூண்களை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு இது அறிமுகமான இலக்கணம்.

அன்னையார் ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். “தம்பி, இது எங்கடை வசந்த மண்டபம் மாதிரியெல்லோ கிடக்குது!” என்றார். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். உள்ளே வந்துவிட்டார் என்பதை அவரும் உணரவில்லை, நாமும் உணர்த்தவில்லை.

இங்கே ஒரு செய்தியை ஒளியாமற் கூறவேண்டும். இந்த ஆலயத்தைப் பற்றி எம்முடன் பணிபுரியும் சைவப்புலவரொருவர் பல முறை சொல்லியிருக்கிறார்: “இது மரியாதையன்று, மாறுவேடம். மீன் பிடிக்கப் போகிறவன் மீனுக்குப் பிடித்த இரையைத்தானே கோப்பான்?” நெடுங்காலம் எமக்கும் அவ்வெண்ணம் இருந்தது. மிஷன் பள்ளிகளிலே படிக்கச் சென்று பெயரை மாற்றிக்கொண்டு வந்த உறவினர் எம் குடும்பத்திலும் உண்டு. அதனால் நேர்ந்த பிளவுகளும் உண்டு. இரண்டு சகோதரர் முப்பதாண்டுகள் ஒருவர் வாசலை ஒருவர் மிதியாதிருந்ததைக் கண்ணாற் கண்டவர்கள் நாம். ஆகவே புலவரின் சொல்லை வெறுங் காழ்ப்பென்று தள்ள எம்மால் இயலவில்லை.

ஆயினும் அத்தூண்களிடையே நின்றபோது சில கேள்விகள் எழுந்தன. கண்டியிலிருந்து சில மைல் தொலைவிலே, பிலிமத்தலாவைக்கு அப்பால், கடலாதெனிய விகாரை இருக்கிறது. 1344ஆம் ஆண்டு எழுந்தது. கட்டுவித்தவர் தர்மகீர்த்தி என்னும் பௌத்த பிக்கு. கட்டியவன் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டு ஸ்தபதி. கருங்கற் சுவர், விமானம், அதிட்டானத்திலே ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோரும். உள்ளே புத்தபெருமான் அமர்ந்திருக்கிறார். பிள்ளையார் பெயரைத் தாங்கிய தமிழ்ச் சிற்பி தன் சாத்திரப்படி கட்டிய கோயிலிலே பௌத்தர் எழுநூறு ஆண்டுகளாக வழிபடுகின்றனர். அதை மாறுவேடம் என்று சொல்வார் யாருமில்லை. சொல்லப்போனால் அதிலே எமக்குப் பெருமை.

நாவலர் பெருமானையே எடுத்துக்கொள்வோம். பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர் அவர். பின்னர் மிஷனரிமாரின் கருவிகளையே எடுத்துச் சைவத்தைக் காத்தார். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் செய்யத் தொடங்கினார், மறு ஆண்டிலே சைவப் பாடசாலை கண்டார், அச்சுக்கூடம் நிறுவினார். பிரசங்கமும் அச்சுக்கூடமும் அவருக்கு மாறுவேடமாயினவா? புலவரிடம் இதைக் கேட்டோம். “அது வேறு” என்றார். எப்படி வேறு என்பதை இன்னும் சொல்லவில்லை. எம் நட்பு கெடவில்லை; விவாதம் தொடர்கிறது.

நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. மீனுக்கு இரை கோப்பவன் பன்னிரண்டு ஆண்டுகள் தூண்டில் செதுக்கிக்கொண்டிரான். இத்தூண்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, இவற்றை வடித்தவர்கள் இவற்றை நேசித்தார்கள் என்பதிலே ஐயம் தோன்றாது.

இனி ஓவியங்கள். இவ்வாலயத்தின் சுவர்ச் சித்திரங்கள் நான்கும் தாவீது பெயின்றர் தீட்டியவை. இந்தியாவின் அல்மோராவிலே 1900ஆம் ஆண்டு பிறந்தவர் அவர்; தந்தை ஆங்கிலேயப் பாதிரியார், தாய் சிங்களப் பெண்மணி. இக்கல்லூரியிலேயே பயின்று, பின்னர் இலண்டன் அரச கலைக்கழகத்திலே சித்திரம் கற்றுத் திரும்பினார். 1928இல் முதல் ஓவியத்தை எழுதினார். 1930களின் தொடக்கத்திலே ஏனையவை நிறைவுற்றன. செபதேயுவின் மனைவி தன் இரு மைந்தருக்கும் இயேசுவின் வலத்திலும் இடத்திலும் ஆசனம் கேட்பது ஒன்று. வழியிலே அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலான் ஒருவன் உதவும் கதை ஒன்று. குருவானவர் சீடரின் பாதங்களைக் கழுவுவது ஒன்று. சிலுவைக் காட்சி ஒன்று.

எல்லாவற்றிலும் மாந்தர் இந்நாட்டவர். மேனி எம் மேனி. பிள்ளைகளுக்குப் பதவி கேட்கும் அந்தத் தாயைக் கண்டதும், கல்லூரி அனுமதிப் படிவத்துடன் மகனைக் கையிற் பிடித்துக்கொண்டு எம் வாசலிலே வந்து நிற்கும் தோட்டத்துத் தாய்மார் எமக்கு நினைவுக்கு வந்தனர். “சேர், இவனுக்கு ஓர் இடம்” என்னும் அந்தக் குரலை ஆண்டுதோறும் கேட்கின்றோம். இந்த ஓவியத்துக்கு ‘உங்களால் இயலுமா?’ என்பது பெயர். ஆசனம் கேட்டவர்களிடம் திருப்பிக் கேட்ட கேள்வி அது.

சிலுவைக் காட்சியின் முன்னே அன்னையார் நின்றுவிட்டார். நாம் எதிர்பார்த்தது முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று. அவருக்குக் குருதியும் ஆணியும் உள்ள படங்கள் பிடிப்பதில்லை. “சாமியை இப்பிடியும் வைப்பினமோ” என்று முன்னொருகால் கூறியவர். இப்போதோ உற்றுப் பார்த்தார்.

“தாடியில்லை” என்றார் முதலில். உண்மைதான். பெயின்றரின் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை, இளைஞர். மேனாட்டுப் படங்களிலே கண்டு பழகிய பொன்னிறத் தலைமுடியும் இல்லை.

சிறிது நேரம் கழித்து, “தம்பி, இது கண்டல் வேரெல்லோ!” என்றார்.

நாம் பல நூல்களிலே இந்த ஓவியத்தைப் பற்றி வாசித்திருந்தோம். சிலுவை நிற்பது எருசலேமின் மேட்டு நிலத்திலன்று, கண்டல் மரங்கள் அடர்ந்த சதுப்பு நிலத்தில் என்பதை அறிந்தே இருந்தோம். ஆனால் அறிந்தது வேறு; கண்டது வேறு. அன்னையார் பிறந்தது அராலிக் கடனீரேரியின் ஓரத்தில். சிறுமியாக இருந்தபோது கண்டல் வேர்களுக்கிடையே நண்டு பிடித்தவர். அவ்வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல் மேலெழுந்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும் விதத்தை அவர் கண்கள் அறியும். எண்பதாண்டுக் கால வாழ்விலே ஒரு வேற்றுச் சமயத்துச் சித்திரத்தில் அவர் கண்டது முதலிலே தம் ஊரை. அதன்பின் அங்கே தொங்கும் ஒருவருடைய மகனை.

“தாய் எங்கை நிக்கிறா?” என்று கேட்டார். மகள் மெல்லிய குரலிலே கதையைச் சொன்னாள். அன்னையார் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகன் ஒருவரை, எம் தம்பியை, 1990ஆம் ஆண்டு இழந்தவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நாமும் இங்கே அதிகம் எழுதுவதற்கில்லை.

அவ்வேளையிலே மழை பிடித்தது. கண்டி மழைக்கு முன்னறிவித்தல் இல்லை. நான்கு புறமும் கூரை விளிம்பிலிருந்து நீர் திரையாக இறங்கியது. சாரல் தரையின் ஓரத்தை நனைத்தது. நாம் நடுவே, தூண்களிடையே நின்றோம். செங்கல் ஆலயத்தினுள் மழை ஓசையாக மட்டுமே வரும். இங்கோ மண்ணின் மணமும் குளிர்ந்த காற்றும் வந்தன. சிதம்பரத்திலோ மதுரையிலோ ஒரு மண்டபத்திலே மழைக்கு ஒதுங்கி நின்றவர்களுக்கு அது எத்தகைய நிம்மதி என்று தெரிந்திருக்கும்.

மகள் எல்மெலுண்டே ஆதாமை நினைவூட்டினாள். “அந்த ஓவியர் கீறினதும் இதுதானே அப்பா?” என்றாள். இதுதான். எம் நாட்டிலே சிலர், நாகரிகம் மிக்கவர்கள், பெயின்றரின் கிறிஸ்துவைப் பார்த்துவிட்டு, “இது அசல் இல்லையே” என்று கூறியதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் மனத்திலுள்ள அசல், இத்தாலிய நகரத்துத் தச்சனையோ பிளாந்தர் நாட்டு வணிகனையோ பார்த்து எழுதப்பட்டது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு டேனிய ஓவியன் தன் கிராமத்து ஏரை ஆதாமின் கையிலே கொடுத்தான். அது பழைமையாகிவிட்டதால் வேதமாகிவிட்டது. கண்டல் வேருக்கு இன்னும் நூறாண்டுகூட ஆகவில்லை.

இந்த வழியிலே பின்னர் வேறு ஆலயங்களும் எழுந்தன. 1950இலே குருநாகல் மறைமாவட்டத்தின் முதற் பிஷப்பாகிய லக்தாச டி மெல் அங்கே கட்டுவித்த பேராலயமும் இந்நாட்டுக் கட்டடக் கலையைத் தழுவியதே. அதை இன்னொரு முறை காண எண்ணியிருக்கிறோம்.

காண விரும்பும் அன்பர்களுக்கு ஓரிரு சொல். புனித பவுல் ஆலயத்தைக் காலை வேளையிலே காண்பது நன்று. வண்ணக் கண்ணாடிகளின் அழகு அப்போதுதான் துலங்கும். திரித்துவக் கல்லூரி ஆலயம் பள்ளிக்கூட வளவினுள்ளே இருப்பதால் முன்கூட்டியே இசைவு பெறவேண்டும். பாடவேளையைத் தவிர்த்துச் செல்லுங்கள். எம்பக்கேயும் கடலாதெனியவும் ஒரே வழியிலே இருப்பவை. கண்டியிலிருந்து ஒரு பகற்பொழுதிலே இரண்டையும் கண்டு திரும்பலாம். மாணாக்கராயின், மகுல் மடுவவின் தூண், எம்பக்கேயின் தூண், கல்லூரி ஆலயத்தின் தூண் ஆகிய மூன்றையும் ஒரே தாளிலே வரைந்து பாருங்கள். மரத்திலே எளிதாக ஓடிய கோடு கல்லிலே எங்கே தயங்குகிறது என்பது பென்சில் பிடித்த கைக்குத் தெரியும்.

அன்றிரவு அன்னையார் தொலைபேசியிலே அராலியிலுள்ள தம் தங்கையாருடன் பேசிக்கொண்டிருந்தது அடுத்த அறையிலிருந்து எமக்குக் கேட்டது. பத்தினியம்மன் கோயிலைப் பற்றிச் சொன்னார். முச்சக்கர வண்டிக்காரன் கேட்ட கூலியைப் பற்றிச் சற்று நீளமாகச் சொன்னார். பின்னர் குரலைத் தாழ்த்தி, “ஒரு மண்டபமும் பாத்தன், பிள்ளை. தூணெல்லாம் எங்கடை தூண். சாமிதான் வேறை. கண்டலுக்கை நிக்கிறார்” என்றார். மறுமுனையில் என்ன கேட்டார்களோ தெரியாது. “ஓ, செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் போனனான்” என்று அன்னையார் பதிலளித்தார். பிறகு முழந்தாளுக்குப் பூச எண்ணெய் கொண்டுவரும்படி பேத்தியை அழைத்தார்.